பெருங்குடல் கேன்சர் கல்லீரலுக்கும் போய்விட்டது, முதலில் எதைச் செய்வது?

ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஊர், பெயர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கொங்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பாவுக்கு 57 வயது, சொந்தமாக எட்டு விசைத்தறி ஓட்டுகிறார். எட்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. ‘மூலம், பவுத்திரம்’ என்று போர்டு வைத்த ஓர் இடத்தில் இரண்டு தடவை ஊசி போட்டிருக்கிறார்கள். வீட்டில் துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கொடுத்தார்கள், கருணைக்கிழங்கு லேகியமும் மூன்று டப்பா தீர்ந்தது. ஒன்பது கிலோ குறைந்து, தறிக்கூடத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய டாக்டரிடம் போயிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 7.9. கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் ஆசனவாயிலிருந்து 22 செ.மீ. உள்ளே, பெருங்குடலின் இடது பக்கத்தில் சிக்மாய்டு என்கிற வளைவில் கட்டி தெரிந்தது. குழாய் சிரமப்பட்டுத்தான் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. பயாப்ஸி முடிவு அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தொடங்கும் கேன்சர். சிடி ஸ்கேனில் கல்லீரலில் நான்கு இடத்தில் பரவல்; மூன்று வலது பக்கம், ஒன்று இடது பக்கம், பெரியது 4.5 செ.மீ. நுரையீரல் சுத்தம். ரத்தத்தில் சிஇஏ (இந்தக் கேன்சரில் கூடும் ஒரு புரதம்) 186.

முதல் ஆஸ்பத்திரியில் ‘நாளைக்கே அட்மிட் பண்ணுங்க, குடலை வெட்டி எடுத்துடலாம்’ என்றார்களாம். இரண்டாவது இடத்தில் ‘நாலாம் ஸ்டேஜ், ஆபரேஷனால் பிரயோஜனம் இல்லை, கீமோ கொடுத்துப் பார்க்கலாம், ஆறு மாசம்’ என்றார்களாம். பயாப்ஸி எடுத்ததால்தான் கல்லீரலுக்குப் பரவியது, இனிமேல் கத்தியே படக்கூடாது என்பது பெரியப்பாவின் கட்சி. துபாயில் இருக்கும் தம்பி இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கேன்சர் மேல் ஏவும் மருந்து) வீடியோக்களாக அனுப்புகிறார், வீட்டை விற்றாவது செய்துவிடலாம் என்கிறார். அப்பாவிடம் ‘குடல்ல புண்ணு’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வரி: ‘லேகியம் வாங்கிக் கொடுத்தது நான்தான் டாக்டர்.’ கடைசியில், தம்பிக்குத் தையில் கல்யாணம் பேசி வைத்திருக்கிறோம், தள்ளிப் போடுவதா என்று ஒரு கேள்வி.

அந்த லேகிய வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அதுதான் அடியில் ஓடுகிறது. பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்கிற சின்னச் சதை கேன்சராக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து வருஷம் போல ஆகும். நீங்கள் முதல் டப்பா வாங்கிய அன்றைக்கு உள்ளே எல்லாம் நடந்து முடிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எட்டு மாதம் முன்னால் ஸ்கோப் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்றால், இருந்திருக்கும், அதை இல்லையென்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். ஆனால் ரத்தம் போகிறது என்று வந்தவரை, உள்ளே பார்க்காமலேயே மூலம் என்று முடிவுகட்டி ஊசி போட்ட இடத்துக்குத்தான் அந்தப் பொறுப்பு. மூலமும் கேன்சரும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் இருக்கலாம். 22 செ.மீ. உள்ளே இருக்கும் கட்டி விரலுக்கு எட்டாது, மூலம் பார்க்கும் குட்டைக் குழாயை விட்டுப் பார்த்தாலும் தெரியாது. நாற்பது தாண்டிய ஓர் ஆணுக்கு ரத்தம் இவ்வளவு குறைந்திருக்கிறது என்றால் இரும்பு மாத்திரை எழுதுவதற்கு முன் குடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அது ஒரு மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ரிப்போர்ட்டில் இருக்கும் வரிகளை வைத்துத்தான் பேசுகிறேன், ஸ்கேன் படத்தைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. அதனால் இதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் சண்டை போட வேண்டாம், கேள்வி கேளுங்கள்.

முதலில் குடலையா, கீமோவா?

இரண்டு ஆஸ்பத்திரியும் இரண்டு ஓரத்தில் நிற்கின்றன. எனக்கு இரண்டும் அவசரமாகப் பேசியதாகத்தான் தோன்றுகிறது.

‘முதலில் வந்த கட்டியை எடுத்தால்தானே மற்றது அடங்கும்’ என்று எல்லாருக்கும் தோன்றும். மரத்தின் வேரை வெட்டுகிற கணக்கு. ஆனால் கல்லீரலுக்கு வந்து குடியேறிய செல்கள் குடலில் இருக்கும் கட்டியை நம்பிப் பிழைக்கவில்லை, தனக்கென்று ரத்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக வளர்கின்றன. குடல் அடைபடாமல், ரத்தம் கொட்டாமல் இருக்கும்போது குடல் கட்டியை மட்டும் முதலில் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று ஜப்பானில் நடந்த ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் காட்டிவிட்டன. எடுத்தபின் தையல் ஆற வேண்டும், அதற்குள் ஒரு மாதம் ஒன்றரை மாதம் போய்விடும். தையல் விட்டுப்போனால் இன்னும் இரண்டு மாதம். அவ்வளவு நாளும் கல்லீரலில் இருப்பதைக் கேட்க ஆள் இல்லை. முழு உடம்புக்கும் போகிற மருந்தை முதலில் கொடுப்பதன் காரணம் இதுதான்.

இதற்கு விலக்கு உண்டு. வாயு பிரியாமல், வயிறு உப்பி, வாந்தி வந்தால் அது குடல் அடைப்பு. அன்றைக்கு இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்போதுகூடப் பெரிய ஆபரேஷன்தான் என்பதில்லை. மலத்தை வயிற்றின் மேல் ஒரு பைக்குத் திருப்பிவிட்டு, வாரக்கணக்கில் தேறியதும் கீமோவுக்குப் போகலாம். உள்ளே ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாய் வைத்துத் திறப்பதும் ஒரு வழி, ஆனால் பிவசிஸுமாப் என்கிற மருந்து கொடுக்கும் யோசனை இருந்தால் ஸ்டென்ட் உள்ளவருக்குக் குடல் ஓட்டை விழும் ஆபத்து கூடுகிறது, ஆகவே வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய் சிரமப்பட்டுத் தாண்டியது என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அதனால் சாப்பாட்டில் ஒரு திருத்தம். ‘குடல் சுத்தமாகட்டும்’ என்று வாழைத்தண்டும் கீரையும் கொய்யாவும் தினமும் கொடுப்பதாகச் சொல்கிறீர்கள். நல்ல குடலுக்கு நல்ல சாப்பாடு. குறுகிப்போன குடலில் வாழைத்தண்டு நாரும் முருங்கைக்காய்ச் சக்கையும் பந்தாகச் சுருண்டு வாசலில் மாட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளைக்குக் குழைந்த சாதம், இட்லி, பருப்புக் கடைந்தது, முட்டை, மீன், தயிர் என்று போங்கள், மலம் இளக டாக்டர் சிரப் எழுதிக் கொடுப்பார். ஹீமோகுளோபின் 7.9-க்கு மாதுளையும் பேரீச்சையும் காணாது. நரம்பு வழியாக இரும்பு ஏற்றவோ ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றவோ வேண்டியிருக்கும், அது கீமோவுக்கு முன்பே நடக்கட்டும்.

அப்புறம் இரண்டாவது ஆஸ்பத்திரி. ‘ஆபரேஷனால் பிரயோஜனம் இல்லை’ என்று அங்கே சொன்னது யார் என்று கடிதத்தில் இல்லை. கல்லீரல் ஆபரேஷன் செய்கிற சர்ஜன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா? எனக்கு இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும்விட இந்த ஒரு கேள்விதான் பெரிது. பெருங்குடல் கேன்சர் மற்ற பல கேன்சர்களைப் போல இல்லை. கல்லீரலோடு மட்டும் நின்றிருந்தால், நாலாம் ஸ்டேஜிலும் வெட்டி எடுத்துக் குணமாகும் வாய்ப்பு ஒரு சிலருக்கு இருக்கிறது. அப்படி எடுக்க முடிந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் போல ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள், ஆறில் ஒருவர் போலப் பத்து வருஷம் கழித்தும் நோய் திரும்பாமல் இருக்கிறார். பெரிய எண்ணிக்கை இல்லைதான். ஆனால் அந்தக் கதவைத் தட்டாமலேயே திரும்பி வருவது வேறு விஷயம்.

எத்தனை கட்டி என்று அந்த சர்ஜன் எண்ண மாட்டார். எடுத்தபின் எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்று பார்ப்பார். கீமோ வாங்கிய கல்லீரலில் 30 சதவீதமாவது நல்ல ரத்த ஓட்டத்தோடு மிஞ்ச வேண்டும், மிஞ்சினால் அது சில வாரங்களில் வளர்ந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு மூன்று வலது பக்கம், ஒன்று இடது பக்கம். இடது பக்கத்து ஒன்றைச் சின்னதாகச் சீவி எடுக்கலாம், இல்லை ஊசி விட்டுச் சூட்டால் எரிக்கலாம், வலது பக்கத்தை ஒரு பகுதியாக எடுக்கலாம். இடது பக்கம் சின்னதாக இருந்தால் வலது பக்கம் போகும் ரத்தக் குழாயை முன்கூட்டியே அடைத்து, இடது பக்கம் பெரிதாகட்டும் என்று நாலு வாரம் போல விட்டுப் பிறகு எடுப்பார்கள். குடல் கட்டியையும் அப்போதே சேர்த்து எடுப்பதா, கல்லீரலை முதலில் முடிப்பதா என்பது அவர்கள் உட்கார்ந்து பேச வேண்டியது. கல்லீரலுக்குத் தனியாக ஓர் எம்ஆர்ஐ கேட்பார்கள், சிடியில் தெரியாத பொடிப் புள்ளிகள் அதில் தெரியும்.

இந்த வழியில் போனால் கீமோ இரண்டு மூன்று மாதம், ஸ்கேன், உடனே ஆபரேஷன் பேச்சு. ‘நல்லா கேக்குது, இன்னும் ஆறு சுற்று கொடுப்போம்’ என்று இழுக்கக் கூடாது. ஸ்கேனில் புள்ளி மறைந்துவிட்டால் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைப்பீர்கள், சர்ஜன் தலையில் கை வைப்பார், ஏனென்றால் மறைந்த இடத்தில் பல நேரம் உயிருள்ள செல் இருக்கும், எங்கே என்றுதான் தெரியாது. நீண்ட கீமோ கல்லீரலையும் பழுதாக்குகிறது. அதனால்தான் சர்ஜன் முதல் நாளிலேயே படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறேன்.

பெரியப்பா சொல்வதில் ஒரு துளி

பயாப்ஸியால் பரவியது என்கிறார். கொலனோஸ்கோபிக்கும் சிடிக்கும் நடுவில் பன்னிரண்டு நாள் என்று தேதி போட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு நாளில் கல்லீரலில் நாலரை சென்டிமீட்டர் கட்டி வளராது. ஸ்கோப் போட்ட அன்றே அது அங்கே இருந்தது, படம் எடுக்கும்வரை யாரும் பார்க்கவில்லை. குடலின் உட்பக்கத்திலிருந்து ஒரு அரிசி அளவு கிள்ளி எடுப்பதால் நோய் பரவுவதில்லை, அது இல்லாமல் எந்த மருந்து என்று தீர்மானிக்கவும் முடியாது.

ஆனால் அவர் பேச்சை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். கல்லீரலில் உள்ள கட்டிக்கு வெளியிலிருந்து ஊசி குத்தி பயாப்ஸி எடுக்கும்போது, ஊசி போன தடத்தில் செல்கள் ஒட்டிக்கொள்ளும் சின்ன ஆபத்து உண்மையிலேயே உண்டு. கல்லீரல் ஆபரேஷனுக்கு வாய்ப்பிருப்பவருக்கு அந்த ஊசியைத் தவிர்ப்போம். குடல் பயாப்ஸியும் ஸ்கேனும் சிஇஏவும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும்போது அது தேவையும் இல்லை. யாராவது கல்லீரலிலும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றால், எதற்கு என்று கேளுங்கள். பெரியப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள், அவருக்கும் திருப்தியாக இருக்கும்.

முள் சீத்தா இலைக் கஷாயமும் அவர் யோசனைதான் போலிருக்கிறது. அதைக் குடித்துக் கேன்சர் குணமானதற்குச் சான்று இல்லை, தொடர்ந்து குடித்தால் நரம்பைப் பாதிக்கும் என்ற கவலை உண்டு. கொடுக்கப் போகிற கீமோவும் நரம்பைத்தான் தொடும். பற்பம், செந்தூரம் மாதிரி உலோகம் சேர்ந்தவற்றையும் கீமோ நாட்களில் நிறுத்தி வையுங்கள், கல்லீரலும் கிட்னியும் ஏற்கனவே வேலையில் இருக்கின்றன.

அந்த மெழுகுக் கட்டியை வாங்கி வையுங்கள்

பயாப்ஸி எடுத்த சதையை லேபில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ‘பிளாக்’ என்று கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். வெயிலில் நிறுத்திய காரில் அதை வைத்துவிட்டு ஓட்டலுக்குள் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘அடினோகார்சினோமா’ என்ற ஒரு வரியோடு முடித்திருக்கிறார்கள். இன்றைய தேதிக்கு அது பாதிக் கேள்விக்குத்தான் பதில்.

மீதிப் பாதி இவை. எம்எம்ஆர் என்று, செல்லின் டிஎன்ஏவில் வரும் பிழையைத் திருத்தும் நான்கு புரதங்களுக்கான பரிசோதனை, சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். கேராஸ், என்ராஸ், பிராஃப் என்ற மரபணுக்களின் பரிசோதனை, அதற்குக் கொஞ்சம் கூடுதல் செலவு, இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். வசதி இருந்தால் ஹெர்2 என்ற இன்னொரு பரிசோதனையும்.

தம்பியின் இம்யூனோதெரபிக்கு விடை அந்த எம்எம்ஆரில் இருக்கிறது. அந்தப் புரதங்களில் ஏதாவது காணாமல் போயிருந்தால், பெம்ப்ரோலிசுமாப் மாதிரி மருந்து கீமோவைவிட நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2020-லேயே முதல் மருந்தாகக் கொடுக்க அனுமதி வந்துவிட்டது. தம்பி அனுப்பும் வீடியோக்களில் வருகிறவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் இந்த வகை. ஆனால் நாலாம் ஸ்டேஜ் பெருங்குடல் கேன்சரில் நூற்றுக்கு ஐந்து பேர் போலத்தான் இந்த வகை. மீதி தொண்ணூற்றைந்து பேருக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் காசு போகுமே தவிர நோய் போகாது. ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள்: வீட்டை விற்பதற்கு முன் இந்தச் சின்னப் பரிசோதனை.

கேராஸும் என்ராஸும் பிராஃபும் மாறாமல் இருந்தால், இடது பக்கக் குடலில் கட்டி இருக்கும் உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு கீமோவோடு செடுக்ஸிமாப் அல்லது பனிட்டுமுமாப் சேர்ப்பது நல்ல பலன் தருகிறது, பத்தில் ஆறேழு பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்குகிறது. முகத்தில் பரு மாதிரிப் பொரியும், பயப்பட வேண்டாம். மரபணு மாறியிருந்தால் (கேராஸ் மட்டுமே பத்தில் நாலு பேருக்கு மாறியிருக்கும்) அந்த மருந்துகள் வேலை செய்யாது, பிவசிஸுமாப் பக்கம் போக வேண்டும். பிவசிஸுமாப் இப்போது இந்தியக் கம்பெனிகளே செய்வதால் விலை இறங்கியிருக்கிறது. அதைக் கொடுத்தால் ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் புண் ஆறாது. ரிசல்ட் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, கீமோவை மட்டும் ஆரம்பித்து அடுத்த சுற்றில் இவற்றைச் சேர்ப்பது வழக்கம்தான்.

கீமோ என்றால் வீட்டில் என்ன நடக்கும்

இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துக் கூட்டு இரண்டு. ஃபால்ஃபாக்ஸ் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆஸ்பத்திரியில் சில மணி நேரம், பிறகு மார்பில் தோலுக்கடியில் பதித்த போர்ட் என்கிற சின்ன மருந்து வாசலில் ஒரு சின்ன பாட்டில் பம்பை மாட்டி அனுப்புவார்கள், 46 மணி நேரம் அது சொட்டுச் சொட்டாகப் போகும். கேப்பாக்ஸ் என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி, பதினாலு நாள் மாத்திரை, பம்ப் தேவையில்லை. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது வசதி. முடி அவ்வளவாகக் கொட்டாது, மெலியும்.

இரண்டிலும் ஆக்ஸாலிபிளாட்டின் உண்டு, அதற்குக் குளிர் ஆகாது. ஊசி போட்ட நாலைந்து நாள் பிரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்தால் விரலில் முள் குத்தும். ஜில் தண்ணீர் ஒரு வாய் குடித்தால் தொண்டை அடைத்த மாதிரி ஆகும், ஆள் பயந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். ஆனால் சுற்றுகள் ஏற ஏற அந்த மரப்பு குளிர் இல்லாமலேயே நிற்க ஆரம்பிக்கும். உங்கள் அப்பா விஷயத்தில் இதில் நான் கண்ணாக இருப்பேன். தறியில் இழை அறுந்தால் அவர் முடிச்சுப் போடுவாரே, அதை வாரம் ஒருமுறை கவனியுங்கள். ஒரே மூச்சில் போடுகிறவர் தடவித் தடவிப் போட்டால், காலில் செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்தால், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு மருந்தை மட்டும் குறைக்கலாம், நிறுத்தலாம், மற்றதைத் தொடரலாம். நோயாளிகள் இதைச் சொல்ல மாட்டார்கள், மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். பிறகு வருஷக்கணக்கில் சட்டைப் பட்டனோடு போராடுவார்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரி, ‘கீமோ பேஷண்ட்’ என்று வாசலிலேயே சொல்ல வேண்டும். முதல் சுற்றிலேயே வாய் முழுக்கப் புண்ணும் நிற்காத பேதியும் வந்தாலும் அப்படித்தான். இந்த இரண்டு கூட்டிலும் இருக்கும் 5-எஃப்யூ வகை மருந்தை உடைக்கும் என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பவர்கள் சிலர் உண்டு, அவர்களுக்கு வழக்கமான அளவே அதிகம்.

ஆறு மாசம் என்று யார் கணக்குப் போட்டது

எந்த மருந்தும் கொடுக்காவிட்டால் ஏறக்குறைய அவ்வளவுதான். 1957-ல் வந்த 5-எஃப்யூ ஒன்றே கையில் இருந்த காலத்தில் அது ஒரு வருஷம் போல ஆனது. இன்றைய மருந்துகளை முறையாகக் கொடுத்த பெரிய ஆய்வுகளில் நடுக் கணக்கு இரண்டரை வருஷத்தைச் சுற்றி நிற்கிறது. நடுக் கணக்கு என்றால் பாதிப் பேர் அதற்கு முன்பே போய்விடுகிறார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டுகிறார்கள் என்று அர்த்தம். ஆபரேஷன் வரைக்கும் போக முடிந்தவர்களின் கணக்கு முன்னமே சொன்ன தனிக் கணக்கு. எந்தப் பாதியில் அப்பா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. மரபணு ரிசல்ட்டும் முதல் ஸ்கேனும் வந்தபின் கொஞ்சம் சொல்லலாம். 186 என்ற சிஇஏ எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம், கீமோ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் ஏறிவிட்டு இறங்குவதும் உண்டு.

பணத்துக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்று சான்று வேண்டும். எட்டுத் தறி வைத்திருப்பவருக்கு விஏஓ என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது, போய்க் கேளுங்கள். கார்டு இருந்தால் எந்தெந்த மருந்து அதில் அடங்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் சிகிச்சைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். ரயிலில் கேன்சர் நோயாளிக்குச் சிகிச்சைப் பயணத்துக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு படிவம் தருவார்கள். எங்கே போவது என்றால், கேன்சர் டாக்டரும் கல்லீரல் சர்ஜனும் ஒரே கூரைக்குள் இருக்கும் இடம். வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் மாதிரி. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல், கல்லீரல் அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது, செலவும் பயப்படும்படி இருக்காது. ஸ்கேன் படம் பதிந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போங்கள். பேப்பர் ரிப்போர்ட்டை வைத்து எந்த சர்ஜனும் முடிவு சொல்ல மாட்டார்.

அப்பாவுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள்

பல வருஷம் முன்னால் ஒரு பெரியவர். மகன் மருந்து வாங்கக் கீழே போன நேரம் பார்த்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ‘டாக்டர், எனக்கு விஷயம் தெரியும்கிறதை மட்டும் பையன்கிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டான்’ என்றார். மகன் முதல் நாள் என்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டு மூன்று மாதம் வந்து போனார்கள்.

எட்டுத் தறியை நடத்துகிறவர், பாவு நூல் விலை ஏறுவதை ஒரு வாரம் முன்பே மோப்பம் பிடிக்கிறவர், உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டாரா? கீமோ சம்மதத் தாளில் கையெழுத்துப் போடப் போவதும் அவர்தான், ஆஸ்பத்திரி போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படிப்பார். உடம்பு அவருடையது, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதில் முதல் வார்த்தை அவருக்கு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. ‘அப்பா, ரிப்போர்ட் வந்திருக்கு, டாக்டர் விவரமா சொல்றேங்கறாரு, நீங்களே கேட்டுக்கறீங்களா, நான் கேட்டுச் சொல்லட்டுமா?’ என்று கேளுங்கள். நீங்களே கேளுங்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு, அது அவர் இஷ்டம். மாதக் கணக்கு அவர் கேட்டால் ஒழிய யாரும் சொல்ல வேண்டாம்.

வலி, தூக்கம், சாப்பிட முடியாமை, இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியில் வலி தணிப்பு டாக்டர் இருந்தால் இப்போதே ஒருமுறை பாருங்கள். அவரிடம் போவது சிகிச்சையைக் கைவிட்டதாக அர்த்தமில்லை, கீமோவோடு சேர்ந்தே நடப்பது அது.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கு 33, தம்பிக்கு 29. எம்எம்ஆர் ரிப்போர்ட் நார்மல் என்றால் இருவரும் நாற்பதில் கொலனோஸ்கோபி ஆரம்பித்தால் போதும், அதுவரை ரத்தம், எடை இழப்பு எதுவும் வந்தால் காத்திருக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் புரதம் காணவில்லை என்று வந்தால் அது பரம்பரை வகையா என்று மரபணு ஆலோசகரைப் பார்த்து, உறுதியானால் நாற்பது வரை இருக்காமல் உடனே பார்க்க வேண்டும். பெரியப்பாவுக்கு எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கூடப் பிறந்த தம்பிக்கு 57-ல் வந்திருக்கிறது, அவர் அறுபதைத் தாண்டியவர், இந்த மாதமே ஸ்கோப் போட்டுக்கொள்ளட்டும். கிள்ள வேண்டிய பாலிப் ஏதாவது இருந்தால் கிள்ளவும் சம்மதிக்கட்டும்.

கல்யாணம். தள்ளிப் போட வேண்டாம். இப்போது புரட்டாசி. இந்த மாதக் கடைசிக்குள் ஃபால்ஃபாக்ஸ் ஆரம்பித்து ஆறு சுற்று எல்லாம் ஒழுங்காகப் போனால் மார்கழியில் கடைசி ஊசி. கடைசி ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் நாலிலிருந்து ஆறு வாரம் உடம்பை விட்டு வைப்பார்கள், தை முதல் பாதி அந்த இடைவெளியில் விழுகிறது. கீமோவின் அசதி போய், வாய்க்கு ருசி திரும்பி, ஆபரேஷனும் ஆகாத நாட்கள். தை பத்துக்குள் முகூர்த்தம் கிடைக்கிறதா என்று ஜோசியரிடம் கேளுங்கள், கிடைத்ததும் அந்தத் தேதியைச் சர்ஜனிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு வாரம் முன்னே பின்னே அவர்களால் நகர்த்த முடியும். ஆபரேஷன் இல்லை, கீமோ மட்டும்தான் என்று முடிவானாலும் ஒரு சுற்றைத் தள்ளி வைப்பது பெரிய விஷயமில்லை. பந்தியில் எல்லாம் சாப்பிடலாம். குடல் எடுக்காமல் இருந்தால் வாழைத்தண்டுப் பொரியல் மட்டும் வேண்டாம், ஐஸ்கிரீம் நீட்டினால் விரல் மரப்பு எப்படி இருக்கிறது என்று அவரையே கேட்டுவிட்டுக் கொடுங்கள்.